நியூத்திரினோவும் நமது எழுத்தும்

விஞ்ஞானம் பற்றித் தமிழில் எழுதப்படுபவை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டவை என்றொரு கருத்து நம்மிடையே நிலவுகின்றது. ஒரு நாவலில் வரும் உழவனின் பேச்சு இயல்பாக அமைந்துள்ளதா என்பது பற்றிப் பக்கம் பக்கமாக வாதிடுகின்றோம். ஒரு செய்யுளிற் சீர் பிழைத்தால் வெகுண்டெழுகின்றோம். ஆனால் மக்களின் நிலத்தையும் நீரையும் பற்றிய முடிவுகளுக்குத் துணைபோகின்ற விஞ்ஞானக் கட்டுரை ஒன்று கண்ணிற்பட்டால், அஃது அத்துறையினரின் விவகாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். எழுத்து யாருக்காக, எந்நோக்கத்துக்காக என்ற வினாவை ஏனைய இலக்கியங்கள் மீதெல்லாம் எழுப்புகின்ற நாம், இவ்வெழுத்துக்கு மட்டும் விலக்களிப்பதற்கு நியாயம் எதுவுமில்லை.

இவ்வெண்ணத்தை நமக்குத் தோற்றுவித்தவர் ஒரு மாணவர். உயர்தர வகுப்பிற் கற்கும் அவர், தமிழகத்தில் வெளியான துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து, "சேர், நியூத்திரினோ ஆராய்ச்சி நடந்தால் கிணறெல்லாம் நஞ்சாகிவிடும் என்று எழுதியிருக்கிறார்களே, உண்மையா?" என வினவினார். பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்க வேண்டியதைத் தமிழாசிரியரான நம்மிடம் கேட்பானேன் என்றோம். "இது தமிழிற்றானே எழுதியிருக்கிறது" என்றார். அவ்விடை நம்மை நாணச் செய்தது. அப்பிரசுரத்தையும், அதனைப் போன்ற பிறவற்றையும், அவற்றுக்கு மறுப்பாக எழுந்த கட்டுரைகளையும் தேடி வாசித்தோம். வாசித்து முடித்தபோது, ஒரு சாரார் மக்களை அச்சுறுத்துவதையும், மறுசாரார் மக்களை அறிவிலிகள் எனக் கருதுவதையும், இரு சாராருமே மக்களுக்கு விடயத்தை விளக்க முற்படாததையும் கண்டோம். அக்குறையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், அளக்கப்படுவது எது, எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை இயன்றவரை தெளிவாகச் சொல்லிவிடுதல் முறையாகும்.

அணுவின் கரு சிதைந்து ஓர் இலத்திரன் வெளிப்படும்போது, கணக்கின்படி இருக்கவேண்டிய சக்தியில் ஒரு பங்கு காணாமற் போவதை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆய்வாளர் அவதானித்தனர். சக்தி அழிவதில்லை என்ற அடிப்படை விதியே ஆட்டங்காணும் நிலை தோன்றியது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில் வூல்வ்காங் பௌலி, கண்ணுக்குத் தெரியாத மின்னேற்றமற்ற துணிக்கை ஒன்று அச்சக்தியை எடுத்துச் செல்கிறது என்று துணிந்து கூறினார். இத்தாலியரான பேர்மி அதனை நியூத்திரினோ என்ற பெயரால் தமது கோட்பாட்டில் அமைத்தார். ஆயினும் அத்துணிக்கை பிடிபட மேலும் இருபத்தாறு ஆண்டுகள் சென்றன. 1956இல் ரெயின்ஸ், கோவன் என்னும் இருவர் அமெரிக்காவின் சவன்னா ஆற்றங்கரையிலுள்ள அணு உலையருகே அதன் தடயத்தைக் கண்டனர்.

இத்துணை காலம் சென்றதன் காரணம், அது பொருளோடு ஏறக்குறைய எவ்வித உறவும் கொள்ளாமையே. சூரியனிலிருந்து புறப்படும் நியூத்திரினோக்களில் விநாடிக்குச் சுமார் 6,500 கோடி, நமது பெருவிரல் நகத்தின் அளவேயான பரப்பினூடாகச் சென்றுகொண்டிருக்கின்றன. பகலில் தலைக்கு மேலாக வருவன, இரவிற் பூமியையே ஊடுருவிக் காலடியிலிருந்து வருகின்றன. யாழ்ப்பாணத்துக் கிணறுகளினூடாகவும் தேனி மாவட்டத்துக் குன்றுகளினூடாகவும் மனித இனம் தோன்றுமுன்னரே அவை சென்றுகொண்டிருந்தன. ஆய்வுகூடம் கட்டினால் அவை மிகா, கட்டாவிடின் குறையா.

இத்துணிக்கைக்குத் திணிவு உண்டா என்பது நெடுங்காலம் விடை காணப்படாத வினாவாயிருந்தது. இல்லை என்று கொண்டே கோட்பாடுகள் வகுக்கப்பட்டன. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் றேமண்ட் டேவிஸ் 1960களின் இறுதியிலிருந்து நடத்திய பரிசோதனையில், சூரியனிலிருந்து வரவேண்டிய நியூத்திரினோக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே கிடைத்தது. எஞ்சியவை எங்கே போயின? 1998இல் யப்பானின் சுப்பர் கமியோக்காண்டே ஆய்வுகூடம், ஆயிரம் மீற்றர் ஆழத்தில் வைத்த 50,000 தொன் நீரினுதவியுடன், வளிமண்டலத்திற் பிறக்கும் நியூத்திரினோக்கள் வழியிலேயே தம் வகையை மாற்றிக் கொள்கின்றன என்று நிறுவியது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் கனடாவின் சட்பெரி ஆய்வுகூடம் 1,000 தொன் பார நீரைக் கொண்டு, சூரிய நியூத்திரினோக்களும் அழிந்து போகவில்லை, வேறு வகையாகவே மாறின என்று காட்டியது. திணிவு சிறிதும் இல்லாததாயின் இம்மாற்றத்துக்கு இடமில்லை. ஆகவே திணிவு உண்டு. இதற்காகக் கஜிட்டாவும் மக்டொனால்டும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர்.

வகைமாற்றத்திலிருந்து திணிவுகளுக்கிடையேயான வேற்றுமையையே அறியலாம். திணிவை நேராக அறிய இயலாது. அதனை அறியும் முயற்சி ஜேர்மனியின் கார்ள்ஸ்றூ நகரில் கட்ரின் என்ற பெயரில் நடைபெற்றது. அம்முறையை நமது ஊர் வழக்கில் இவ்வாறு சொல்லலாம். அண்ணனும் தம்பியும் புகையிலை விற்கச் சந்தைக்குப் போகின்றனர். ஒவ்வொரு நாளும் கிடைக்கும் தொகை சரியாக 18,600 ரூபா. அதனை இருவரும் நாளுக்கொரு விதமாகப் பங்கிடுகின்றனர். தம்பி தன் பங்கைக் காட்டுவான். அண்ணன் ஒருபோதும் காட்டமாட்டான். ஆனால் எவ்வளவுதான் விட்டுக்கொடுத்தாலும், வழிச்செலவுக்கென்று ஒரு சிறு தொகையை எடுக்காமல் அண்ணன் புறப்படுவதில்லை. அவ்வழிச்செலவு எவ்வளவு என்பதை அறிய விரும்புவோர் என்ன செய்யவேண்டும்? தம்பியின் கையில் மிகக் கூடுதலாகப் பணம் வந்த நாட்களைத் தேடவேண்டும். அந்நாட்களில் மொத்தத் தொகைக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுவே அண்ணனின் வழிச்செலவு.

திரித்தியம் என்ற பார ஐதரசனின் கரு சிதையும்போது கிடைக்கும் சக்தி ஏறத்தாழ 18,600 இலத்திரன்வோற்று. தம்பி இலத்திரன், அண்ணன் நியூத்திரினோ, வழிச்செலவே திணிவு. தம்பியின் கைக்கு ஏறக்குறைய முழுத்தொகையும் வருகின்ற நாட்கள், அதாவது ஒரு ரூபாவுக்குட்பட்ட குறைவோடு வருகின்ற நாட்கள், பத்து இலட்சம் கோடியில் இரண்டே. அவ்விரண்டைத் தெரிந்தெடுப்பதற்காக 23 மீற்றர் நீளமும் 200 தொன் எடையுமுள்ள மாபெரும் உருக்குக் கலம் ஒன்று செய்யப்பட்டது. அஃது உருவான ஊருக்கும் ஆய்வுகூடத்துக்குமிடையே தூரம் சுமார் 400 கிலோமீற்றரே. வீதிகள் தாங்கா என்பதால் தன்யூப் ஆற்றின் வழியாகக் கருங்கடலுக்கும், அங்கிருந்து மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் சுற்றி றைன் ஆற்றுக்கும், ஏறத்தாழ 9,000 கிலோமீற்றர் அது கொண்டுவரப்பட்டது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் அது கரையேறிக் கிராமத்துத் தெருவினூடாக வீடுகளின் சுவரை உரசுவது போல ஊர்ந்து சென்றபோது, மக்கள் பெருந்திரளாகக் கூடி நின்று பார்த்தனர். 2025ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட முடிவின்படி அத்திணிவு 0.45 இலத்திரன்வோற்றுக்கு மேற்பட்டதன்று. நமது உவமையிற் கூறின், 18,600 ரூபாவில் வழிச்செலவு 45 சதத்துக்கு மேற்படாது. இலத்திரனின் திணிவோடு ஒப்பிட்டால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. வகைமாற்ற ஆய்வுகளோ, மூன்று நியூத்திரினோக்களில் ஒன்றேனும் சுமார் 0.05 இலத்திரன்வோற்றுக்குக் குறையாத திணிவுடையது என்கின்றன. இவ்விரு வேலிகளுக்குமிடையில் உண்மை எங்கோ நிற்கிறது.

இவ்வளவையும் சொல்லப் பெருங்கல்வி வேண்டியதில்லை என்பதற்காகவே சொன்னோம். புகையிலைத் தோட்டக்காரருக்கு விளங்காத எதுவும் இதிலில்லை. விளங்கவைக்கும் விருப்பம் எழுதுவோரிடம் இருந்ததா என்பதுவே வினா.

இனி நமது வரலாற்றுக்கு வருவோம். நியூத்திரினோ ஆராய்ச்சி தமிழருக்குப் புதிதன்று. ஆனால் தமிழர் அதில் எவ்விடத்தில் நின்றனர் என்பதைத் தமிழில் எழுதியோர் பெரும்பாலும் மறைத்துவிட்டனர், அல்லது மறந்துவிட்டனர்.

இன்றைய கர்நாடகத்திலுள்ள கோலார் தங்க வயல், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாகும். 1880ஆம் ஆண்டு முதல் ஆங்கிலேயக் கம்பனியான ஜோன் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் அகழ்ந்தது. அகழ்ந்த கைகளிற் பெரும்பாலானவை தமிழரின் கைகள். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையாலும் சாதிக்கொடுமையாலும் துரத்தப்பட்டுச் சென்ற ஒடுக்கப்பட்ட மக்களே அவர்களுள் மிகுதியானோர். அதே வறுமையும் அதே சாதிக்கொடுமையும் வேறு சில மாவட்டத்தாரை நமது மலையகத்துக்குத் துரத்தின என்பதை இந்நாட்டு வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

அச்சுரங்கத்துக்கு, ஹோமி பாபாவின் தூண்டுதலின் பேரில், 1951இல் பி. வி. ஸ்ரீகண்டன் அண்டக்கதிர்களை அளக்கச் சென்றார். ஆழம் கூடக்கூட ஏனைய கதிர்களைப் பாறை தடுத்துவிடுகிறது. நியூத்திரினோவை மட்டும் அது தடுப்பதில்லை. ஆகவே ஆழமே அதனைத் தனித்துக் காண ஏற்ற இடமாயிற்று. 1965இல் தாத்தா ஆராய்ச்சி நிலையத்தாரும் யப்பானின் ஒசாக்கா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் ஒன்றுசேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 7,600 அடி ஆழத்தில் கருவிகளைச் சுவர்போல நிறுத்தி, வளிமண்டலத்திற் பிறந்த நியூத்திரினோவின் தடயத்தைக் கண்டனர். அதே ஆண்டில் தென்னாபிரிக்காவின் தங்கச் சுரங்கமொன்றில் ரெயின்ஸ் குழுவினரும் அதனைக் கண்டனர். தடயத்தை முதலிற் பதிவுசெய்தோர் தென்னாபிரிக்கக் குழுவினர். அறிக்கையை முதலில் வெளியிட்டோர் கோலார்க் குழுவினர். இரண்டுக்குமிடையே சில வாரங்களே வேறுபாடு. இப்பெருமை இந்திய விஞ்ஞானத்துக்கு உரியதே. அதனைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை.

ஆனால் அச்சுரங்கத்தில் வேறோர் அளவீடும் நடந்தது. 1940களில் அங்கே 7,653 தொழிலாளரைப் பரிசோதித்த மருத்துவ ஆய்வொன்று, அவர்களுள் 3,402 பேர், அதாவது ஏறத்தாழ 44 வீதத்தினர், சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் பீடிக்கப்பட்டிருப்பதைக் கண்டது. பாறையைத் துளைக்கும்போது எழும் துகளே அந்நோய்க்குக் காரணம். நியூத்திரினோவைக் காண்பதற்கு உதவிய அதே ஆழம், அதனைத் தோண்டியவர்களின் மூச்சை வாங்கிற்று. முதல் அளவீடு பௌதிகவியல் வரலாற்றில் இடம்பெற்றது. இரண்டாவது தொழில் மருத்துவ ஏடுகளில் அடங்கிக் கிடக்கிறது. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய தமிழ்க் கட்டுரை எதனையும் நாம் வாசித்ததில்லை.

இது கோலாருக்கு மட்டும் உரிய கதையன்று. தென்னாபிரிக்கச் சுரங்கத்தைத் தோண்டியோர் நிறவெறி ஆட்சியின் கீழ் வதைபட்ட கறுப்பினத் தொழிலாளர். ஹோம்ஸ்டேக்கும் தங்கச் சுரங்கம்; சட்பெரி நிக்கல் சுரங்கம்; கமியோக்கா ஈயமும் நாகமும் அகழ்ந்த இடம். விஞ்ஞானிகள் அத்தொழிலாளரைச் சுரண்டினர் என்று நாம் கூறவில்லை. சுரண்டியது முதலாளித்துவம். ஆனால் அறிவின் இவ்வத்தியாயம் யாருடைய உழைப்பின் மீது எழுந்து நிற்கிறது என்பதைச் சொல்லாத வரலாறு அரைவரலாறே. 2001ஆம் ஆண்டு பெப்ரவரி 28இல் கோலார்ச் சுரங்கம் மூடப்பட்டது. அச்சுரங்கத் தொழிலாளரின் வழிவந்தோரில் ஆயிரக்கணக்கானோர் இன்று விடியுமுன் புகைவண்டியேறிப் பெங்களூருக்குக் கூலிவேலை தேடிச் செல்கின்றனர்.

கோலாரின் கதவு அடைபட்டபின், இந்திய விஞ்ஞானிகள் வேறோர் இடத்தை நாடினர். நீலகிரியிற் சிங்காரா என்ற இடம் முதலில் தெரிவாயிற்று. முதுமலைப் புலிகள் காப்பகத்தை அண்டியிருந்ததால் 2009இல் அது மறுக்கப்பட்டது. பின்னர் தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரத்தில், போடி மேற்கு மலைகளின் அடியில், ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளச் சுரங்கவழி குடைந்து, 50,000 தொன் இரும்பைக் காந்தமாக்கி நிறுவுவதென்று திட்டமிடப்பட்டது. மூன்று நியூத்திரினோக்களில் எது மிகப் பாரமானது, எது மிக இலேசானது என்ற வரிசையை அறிவதே அதன் முதன்மையான நோக்கம். பூமியை ஊடுருவி வரும் நியூத்திரினோவும் அதன் எதிர்த்துணிக்கையும் அவ்வரிசைக்கேற்ப வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. அவை இரும்பில் மோதிப் பிறப்பிக்கும் மியூவன்களைக் காந்தம் எதிரெதிர்த் திசைகளில் வளைத்து இனம்பிரித்துக் காட்டும். எளிமையும் அழகும் வாய்ந்த எண்ணம் அது. 2015ஆம் ஆண்டு சனவரியில் இந்திய மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாவுக்கு ஒப்புதல் அளித்தது.

எதிர்ப்பும் உடனெழுந்தது. வைகோ தொடுத்த வழக்கில் 2015இலேயே மதுரை நீதிமன்றம் தடை விதித்தது. கேரளத்து மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீற்றருக்குள் இருப்பது கருத்திற் கொள்ளப்படவில்லை என்று கூறி, 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. அவ்வாண்டு மதுரையில் வைகோவின் எதிர்ப்பு நடைபயணம் தொடங்கியபோது ஒரு தொண்டர் தீக்குளித்து உயிர்நீத்தார். 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் தமிழக அரசு, மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணங்காட்டி, இத்திட்டத்தை ஏற்க இயலாதென்று இந்திய உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அம்மலையில் இன்றுவரை சுரங்கம் குடையப்படவில்லை. மதுரையில் 85 தொன் இரும்பாலான சிறிய மாதிரிக் கருவியொன்று மட்டும் நிறுவப்பட்டது.

ஓர் ஆய்வுகூடத்தின் பொருட்டு ஒரு மனிதர் தம் உடலில் தீயிட்டுக் கொள்கிறார் எனின், அவரை அந்நிலைக்குக் கொண்டுவந்த சொற்களைப் பற்றி எழுத்தாளர் உலகம் சிந்தித்தேயாக வேண்டும்.

எதிர்த்து எழுதப்பட்டவற்றை முதலில் நோக்குவோம். அவற்றுள் நியாயமான வினாக்கள் பல இருந்தன. பல இலட்சம் தொன் பாறையை வெடிவைத்துப் பெயர்க்கும்போது மலையின் நீரூற்றுகளுக்கு என்ன நேரும்? மேய்ச்சல் நிலம் வேலிக்குள் அகப்பட்டால் ஆடுமாடு வளர்ப்போர் எங்கே போவர்? பெயர்த்த கல்லை எங்கே கொட்டுவர்? காட்டின் ஓரத்தில் பலநூறு பாரவண்டிகள் ஓடினால் விலங்குகளின் வழித்தடம் என்னாகும்? ஒவ்வொன்றும் விஞ்ஞான வினா. ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கையோடு விடை கேட்கலாம். கேட்டிருக்கவும் வேண்டும். ஆனால் எழுதியோர் பலர் இவ்வினாக்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நியூத்திரினோவே நஞ்சு, அது புற்றுநோயைத் தரும், மலை அணுக்கழிவுக் கிடங்காகும் என்ற அச்சத்தை முன்னுக்குக் கொண்டுவந்தனர். சூரியன் நாள்தோறும் அனுப்புவதைக் குன்றின் கீழிருந்து எண்ணுவதால் எவருக்கும் எத்தீங்கும் நேரப்போவதில்லை என்பதை அவர்களுள் அறிந்தோர் இருந்தனர். அறிந்தும் எழுதினர். நோக்கம் நல்லதாயிருப்பின் வழி எதுவாயினும் ஆகுக என்று அவர்கள் கருதினர் போலும். மக்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொண்டு மக்களிடம் உண்மை அல்லாததைச் சொல்வது முற்போக்கு ஆகாது. மாந்திரிகனும் அச்சத்தைக் கொண்டே ஊரைத் திரட்டுகிறான். அறிவைக் கொண்டு திரட்டுவதே நமது வழி.

ஆதரித்து எழுதப்பட்டவை இதனினும் மேம்பட்டனவா? இல்லை என்றே கூறவேண்டும். நியூத்திரினோ தீங்கற்றது என்று அவை சரியாகவே கூறின. கூறிவிட்டு, ஆகவே எதிர்ப்பவர்கள் மூடர்கள் என்று முடித்தன. நீரூற்று பற்றிக் கேட்ட உழவருக்கு நோபல் பரிசு பற்றி விடை சொல்லப்பட்டது. மேய்ச்சல் நிலம் பற்றிக் கேட்டவருக்குத் தேசத்தின் பெருமை எடுத்துரைக்கப்பட்டது. துணிக்கையால் ஆபத்தில்லை என்பதும் சுரங்கத்தால் ஆபத்தில்லை என்பதும் ஒன்றல்ல. முன்னதை நிறுவிவிட்டுப் பின்னதையும் நிறுவியதாகக் காட்டுவது தருக்கப்பிழை. அதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. கோலாரில் தமிழ்த் தொழிலாளருக்கு நேர்ந்ததை அறிந்த ஒரு சமூகம், 'சுரங்கம்' என்ற சொல்லைக் கேட்டதும் ஐயுறுவது மூடத்தனமன்று, அனுபவம். அவ்வனுபவத்தை மதியாத எழுத்து, அதன் வாய்பாடுகள் யாவும் சரியாயிருப்பினும், மக்களுக்கு அந்நியமானதே.

மூன்றாவது வகையொன்றும் உண்டு. ஔவையார் பெயரால் வழங்கும் திருக்குறட் பாராட்டொன்றில் அணு என்ற சொல் வருவதைக் காட்டி, நம்முன்னோர் இவற்றையெல்லாம் அன்றே அறிந்திருந்தனர் என்று மகிழும் எழுத்து அது. இலக்கியத்தின் பெருமை அதன் கற்பனையில் உள்ளது. அதனை ஆய்வுகூட அறிக்கையாக்குவது இலக்கியத்துக்கும் அவமதிப்பு, விஞ்ஞானத்துக்கும் அவமதிப்பு. பத்து இலட்சம் கோடியில் இரண்டைத் தேடுவதற்குப் பல்லாண்டுகள் உழைக்கும் மனிதரின் முயற்சியை, ஒரு பழஞ்சொல்லைக் காட்டித் தட்டிக்கழிப்பது உழைப்பை இகழ்வதாகும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழகத்துக் கட்டுரைகள் 'நியூட்ரினோவின் நிறை' என்று எழுதுகின்றன. அங்கே நிறை என்பது பொருளின் அளவு. பூமி ஈர்க்கும் விசையை எடை என்பர். நமது பாடநூல்களிலோ முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. எனவே நமது மாணவர் அக்கட்டுரையை வாசிக்கும்போது, பௌதிகவியலின் முதலாம் பாடத்திலேயே வேறுபடுத்திக் கற்ற இரண்டையும் மீண்டும் ஒன்றாக்கிக் கொள்கிறார். பாக்குநீரிணையின் இருகரையிலும் ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே பொருளை ஒரே சொல்லால் அளக்கமுடியாத நிலையில் இருக்கின்றனர். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் தனித்தனியே கூடிக் கலைந்ததன் விளைவு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அவருடைய மதநோக்கம் எதுவாயினும், நோயாளிக்குத் தெரிந்த மொழியிலேயே வைத்தியனும் கற்கவேண்டும் என்ற அவரது துணிபு இன்றும் நமக்குப் பாடமாகும். உயர்தர வகுப்புவரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்கும் நமது ஈழத்து ஆசிரியருலகம், வகுப்பறைக்கு வெளியே வந்து பொதுமக்களுக்காக ஒரு பக்கம் எழுதத் தயங்குவது விந்தையே.

இது தேனியின் விவகாரம், நமக்கென்ன என்று வாசகர் கருதலாகாது. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை வெளிப்பட்டபோது நாம் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒரு குழு ஆபத்து என்றது. மற்றொரு குழு ஆபத்தில்லை என்றது. இலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதிய தாள்கள் அலுவலகத்துக்கு அலுவலகம் சென்றன. வாளியும் கையுமாக நின்ற தாய்மாருக்கு அந்த எண்ணின் பொருளை எடுத்துச் சொல்ல எவருமில்லை. 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனமொன்றைப் பொறுப்பாளியாக்கித் தீர்ப்பளித்தது. அதுவரை நாம் அச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் இடையில் அலைக்கழிந்தோம். அளப்பவர் ஒருவர், அளக்கப்படும் நீரைக் குடிப்பவர் இன்னொருவர் என்றிருக்கும் வரை, எந்த எண்ணையும் மக்கள் நம்பமாட்டார்கள். நம்பாதிருப்பது அவர்களின் குற்றமுமன்று. சுண்ணக்கல்லின் மேல் வாழும் நமக்கு நிலத்தடி நீர் ஒன்றே நீர். எனவே பொட்டிப்புரத்து உழவரின் ஐயம் நமக்கு நன்கு விளங்கவேண்டிய ஐயம்.

பொட்டிப்புரத்தில் நேர்ந்தது வெற்றியா, தோல்வியா? காடும் மலையும் தப்பின, அது நன்று. ஆனால் மக்கள் உண்மையை அறிந்து, எடைபோட்டு, வேண்டாம் என்று சொல்லியிருந்தாற்றான் அது மக்களின் வெற்றி. அறிந்தபின் அவர்கள் வேண்டும் என்றும் சொல்லியிருக்கக்கூடும். உரிய நிபந்தனைகளோடு, உரிய காவலோடு, உரிய பங்கோடு சொல்லியிருக்கக்கூடும். அத்தெரிவை இரு சாராருமே அவர்களிடமிருந்து பறித்துவிட்டனர். இதற்கிடையில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஜியாங்மென் நகருக்கண்மையில், நிலத்தின் கீழ் 700 மீற்றர் ஆழத்தில், 20,000 தொன் திரவத்தைக் கொண்ட யூனோ ஆய்வுகூடம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் அளவெடுக்கத் தொடங்கியது. அதே திணிவு வரிசையைக் காண்பதே அதன் குறிக்கோள். மூன்று மாதங்களுக்குள், வகைமாற்றத்துக்குரிய இரு அளவுகளை முன்னைய ஆய்வுகள் அனைத்தையும் விடத் துல்லியமாக வெளியிட்டது. 1965இல் உலகின் முன்னணியில் நின்ற ஆராய்ச்சி மரபொன்று இன்று அயலவரின் முடிவுக்குக் காத்திருக்கிறது.

யூனோவையும் கட்ரினையும் காட்டி அங்குள்ள அரசுகளைப் புகழ்வது நமது நோக்கமன்று. ஜேர்மனியக் கிராமத்தில் தெருவோரம் நின்று அந்த உருக்குக் கலத்தைப் பார்த்த மக்கள் நம்மவரினும் அறிவிற் சிறந்தவரல்லர். தம் தெருவழியே போவது எது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. தெரிவிப்பது எழுதுவோரின் கடமை. அந்தக் கடமையையே நாம் இங்கு வற்புறுத்துகின்றோம்.

ஆகவே, விஞ்ஞானம் பற்றித் தமிழில் எழுதப்படும் எந்தக் கட்டுரையையும் மூன்று வினாக்களைக் கொண்டு மதிப்பிடுதல் வேண்டும். அளக்கப்படுவது எது, எவ்வாறு என்பதைப் பாடசாலையை இடையில் விட்டுச் சென்ற ஒருவருக்கும் விளங்கும்படி அது சொல்கிறதா? அவ்வளவீட்டின் செலவை, பணத்தால் மட்டுமன்றி நிலத்தால், நீரால், நுரையீரலால் கொடுப்பவர் யார் என்பதைச் சொல்கிறதா? தனக்குச் சாதகமல்லாத உண்மையையும் மறைக்காது சொல்கிறதா? இம்மூன்றிலும் தேறும் எழுத்தை நாம் இனிமேற்றான் உருவாக்க வேண்டும்.

அம்மாணவருக்கு நாம் சொன்ன விடையையும் சொல்லி முடிப்போம். நியூத்திரினோவால் கிணறு நஞ்சாகாது என்றோம். மலையை வெடிவைத்துக் குடைந்தால் ஊற்றுக்கு என்ன நேரும் என்பது வேறு வினா. அதை அளந்துதான் சொல்லவேண்டும் என்றோம். "அதை யார் அளப்பது, சேர்?" என்று கேட்டார். அவ்வினாவுக்குத் தனியொருவராக விடையளிக்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் அளக்கக் கற்றவர்களும் எழுதக் கற்றவர்களும் ஒன்றுசேர்ந்தால் விடை கிடைக்கும். பௌதிகவியல் ஆசிரியர்களும் தமிழாசிரியர்களும் ஒரே பாடசாலையின் ஒரே ஓய்வறையில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். தொடக்கம் அங்கிருந்தே ஆகட்டும்.